பதினோரு சமையல் மேடைகள்

ஜூன் 4

வாயாடியின் அப்பாவுக்கு,

மூன்று நாளாக அண்ணனுடைய போனில் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறீர்களாம். அண்ணி சொன்னார். நான்தான் எடுக்கவில்லை, இனியும் எடுக்க மாட்டேன். காரணத்தை எழுதிவிடுகிறேன், அப்புறம் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று யாரிடமும் புலம்பக் கூடாது.

போனில் உங்கள் பேச்சு நன்றாகத்தான் இருக்கும். "எல்லாம் நான் பாத்துக்கறேன், நீ சும்மா இரு" என்பீர்கள். கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கும் அது உண்மை என்றே தோன்றும். இதே வாயால்தான் இரண்டு மாதம் என்னோடு சிரித்துப் பேசினீர்கள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லி அனுப்பிய மூன்று நோட்டீஸும் அந்த இரண்டு மாதமும் உங்கள் கொத்து வேலைத் தகரப் பெட்டிக்குள், பூச்சுக் கரணைக்கு அடியில் கிடந்தன. ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் கட்டிலும் அடுப்பும் துணி மூட்டையும் தெருவுக்கு வந்தன. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த உங்கள் மகள் தெருவில் கிடந்த கட்டிலில் உட்கார்ந்து, "அம்மா, வெள்ளையடிக்கப் போறமா?" என்று கேட்டாள். எனக்கு அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. வீடு போனதை எப்படியாவது பொறுத்துக்கொண்டிருப்பேன்.

ஆகவே இப்படிச் செய்வோம். என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் எழுதுங்கள். எங்கே படுக்கிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள், எங்கே வேலை, எல்லாம் எழுத வேண்டும். எதை மறைக்கலாம் என்று தோன்றுகிறதோ அதை முதல் வரியில் எழுத வேண்டும். பொய் எழுதினால் உங்கள் கையெழுத்து கோணிக்கொண்டு போகும், எனக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று. கடிதத்தில் என்னைக் குள்ளி என்று கூப்பிட வேண்டாம். அது வீட்டுக்குள் கூப்பிடுகிற பெயர். கூப்பிட இப்போது வீடு இல்லை.

வாயாடி நன்றாக இருக்கிறாள். அவளுடைய மாமன் வீட்டிலும் வாய் ஓயவில்லை.

இப்படிக்கு,
வாயாடியின் அம்மா


ஜூன் 17

வாயாடியின் அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான்காக மடித்து, விளிம்போடு விளிம்பு ஒட்டி, ஆஸ்பத்திரிப் போர்வை மாதிரியே வந்து சேர்ந்தது. எட்டு வருஷம் சலவைக்கூடத்தில் போர்வை மடித்த கை கடிதத்தை வேறு எப்படி மடிக்கும். உள்ளே இருந்ததெல்லாம் திட்டுத்தான். இருந்தாலும் அந்த மடிப்பைப் பார்த்தபோது கொஞ்சம் தெம்பு வந்தது.

நீ சொன்னபடி மறைக்க நினைப்பதை முதலில் எழுதுகிறேன். நான் படுப்பது பழைய பஸ் ஷெட்டில். முதல் பத்து நாள், நான் பூச்சு வேலை செய்த ஒரு மாடி வீட்டின் கார் நிறுத்தும் இடத்தில் படுத்தேன். வீட்டுக்காரர் நல்லவர், ஆனால் அவருடைய நாய்க்கு என்னைப் பிடிக்கவில்லை. பதினெட்டு வருஷமாகச் சுவர் கட்டுகிற கொத்தனாருக்கு முதுகு சாய்க்க ஒரு சுவர் இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சொல்லிவிட்டேன்.

ஷெட்டில் என்னைப் போல நாற்பது பேர் இருக்கிறோம். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள்தான். ஒருவர் இங்கேயே முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர். வேலை முடிந்ததும் வாடகை கட்ட முடியாமல், தான் டிக்கெட் கொடுத்த பஸ் நின்ற இடத்திலேயே படுக்கை போட்டுவிட்டார். இன்னும் விசிலை விடவில்லை. கூட்டம் கூடினால் ஒரு விசில், முடிந்தால் இரண்டு விசில். ஷெட்டில் படுக்கிறவர்கள் சேர்ந்து ஆரம்பித்த எங்கள் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர்.

இனி நல்ல செய்தி. இந்த ஷெட்டை ஏலம் விடப் போனார்கள். கண்டக்டர் இரண்டு வருஷம் நகராட்சியின் படி ஏறி இறங்கி அதை நிறுத்திவிட்டார். இப்போது இந்த இடத்திலேயே நகராட்சி மூலம் பதினாறு வீடுகள் வரப்போகின்றன. மேலே எட்டு, கீழே எட்டு, தனி ஆட்களுக்குப் பக்கத்தில் ஒரு கூடம். சம்பாதிப்பதில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வாடகை கிடையாது. யாரும் தனியாக நினைத்து ஒருவரை வெளியேற்ற முடியாது, சங்கம் முழுவதும் கூடி முடிவு செய்ய வேண்டும். முன்பணத்துக்குப் பதில் குடிவருகிறவர்கள் உழைப்பைக் கொடுக்கலாம். எனக்கு உழைப்பு இருக்கிறது.

இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். குடும்ப வீடு வேண்டுமென்றால் கணவன் மனைவி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கையெழுத்து மட்டும் இருந்தால் கூடத்தில் ஒரு கட்டில். நான் என் இடத்தில் போட்டுவிட்டேன். உன் இடம் காலியாக இருக்கிறது. போடு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

இப்படிக்கு,
வாயாடியின் அப்பா


ஜூலை 9

வாயாடியின் அப்பாவுக்கு,

கையெழுத்து கோணவில்லை, பார்த்தேன். படிவம் என் கைப்பையில் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பையைத் திறக்கும்போதெல்லாம் கையில் தட்டுப்படுகிறது, அவ்வளவுதான்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதினால் நானே போட்ட சட்டத்தை மீறினவளாவேன். அண்ணன் ஒன்றும் சொல்வதில்லை. அண்ணியும் கெட்டவர் இல்லை. ஆனால் ஃபேன் சுவிட்சைப் போட்டால் யார் போட்டது என்று பார்க்க எட்டிப் பார்க்கிறார். நம் சாமான் மூன்று அட்டைப்பெட்டியில் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. வாயாடி வீட்டுப்பாடத்தைத் துணி தேய்க்கும் மேசையில் எழுதுகிறாள். யாராவது தேய்க்க வந்தால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

சமையல் பாதி நாள் என் பொறுப்பு. அண்ணி நெட்டை, அவருக்கேற்ற மாதிரி கட்டின மேடை எனக்கு நெஞ்சுக்கு வருகிறது. ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்று சமைக்கிறேன். போன வாரம் பலகை சறுக்கிச் சூடான எண்ணெய் கையில் தெறித்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. அண்ணி மருந்து போட்டுவிட்டு, "உனக்கு இந்த வீடு ஒத்து வரலை" என்றார். வருத்தத்தில்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் முகவரி எழுதிக் கொடுக்கச் சொன்னார்களாம். உங்கள் மகள் 'தற்போது மாமா வீடு' என்று எழுதியிருக்கிறாள். டீச்சர் 'தற்போது' என்பதை அடித்துவிட்டாராம். அதற்கு அவரோடு சண்டை போட்டு, மறுபடியும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். திட்டுவதா கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

இப்படிக்கு,
வாயாடியின் அம்மா

பின்குறிப்பு: அப்பா, உங்க பெட்டியில இப்ப என்னென்ன இருக்கு? எல்லாத்தையும் எழுதணும்னு அம்மா சொன்னாங்க. - வாயாடி


செப்டம்பர் 12

வாயாடியின் அம்மாவுக்கு,

கை ஆறிவிட்டதா? அந்தப் பலகையைத் தூக்கி எறி. எறிந்தால் எப்படிச் சமைப்பாய் என்பதும் தெரிகிறது. அதனால் அடியில் சைக்கிள் டியூப் துண்டு இரண்டு ஒட்டிக்கொள், சறுக்காது.

வாயாடி கேட்ட பட்டியல்: கரணை, தூக்குக்குண்டு, ரசமட்டம், மட்டப்பலகை, நூல்கண்டு, அளவுக்குச்சிகள், ஒரு சீப்பு, அம்மாவின் கடிதங்கள். வேறு எந்தக் காகிதமும் இல்லை. வாயாடி, அம்மாவிடம் சொல்.

இங்கே தளம் போட்டாயிற்று. பஸ்ஸுக்கு அடியில் நின்று பழுதுபார்க்கத் தோண்டின குழிகளை மூடவில்லை. அவற்றையே பூசித் தண்ணீர்த் தொட்டியாக்கிவிட்டோம். முப்பது வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி எடுக்க ஒன்பது பேருக்கு ஆறு நாள் ஆயிற்று. இப்போது என் கையை முகர்ந்தாலும் மெக்கானிக் என்றுதான் சொல்வார்கள்.

தெருக்காரர்கள் முதலில் எதிர்த்தார்கள். முனையில் இருக்கும் மருந்துக்கடைக்காரர் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். கண்டவர்களும் குடிவந்தால் தெரு கெட்டுவிடும் என்று மனுவில் எழுதியிருந்தது. கண்டக்டர் அதைப் படித்துவிட்டு அவர் கடைக்கே போய், "நான் உங்களை இருபது வருஷம் பஸ்ல ஏத்தி இறக்கினவன். கண்டவன் இல்ல, நீங்க தினம் கண்டவன்" என்று சொல்லிவிட்டுத் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தார். மனு அப்படியே இருக்கிறது, ஆனால் கடைக்காரர் இப்போது எங்களைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறார்.

நகராட்சியிலிருந்து வருகிற இன்ஜினியர் அம்மா சின்ன வயதுதான், ஆனால் கண்ணில் எதுவும் தப்பாது. பூச்சில் தலைமுடி அளவு விரிசல் இருந்தாலும் சாக்பீஸால் வட்டம் போட்டுவிடுவார். என் சுவர்களில் இதுவரை வட்டம் இல்லை. பதினாறு வீட்டுச் சமையல் மேடைகளையும் என்னிடமே விட்டுவிட்டார். நானே தனியாகக் கட்டுகிறேன். டேப்பை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தால் எனக்கு வேலை ஓடாது. வழக்கம்போல வரைபடத்தின் உயரத்துக்கு ஒரு குச்சி வெட்டி வைத்துக்கொண்டேன். குச்சியை நிறுத்து, கோடு போடு, கல்லை ஏற்று. மற்ற வேலைக்கு நடுவில் வாரத்துக்கு ஒன்று முடிகிறது.

ஒவ்வொரு அடுப்படியிலும் வேலை முடிந்ததும் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பேன். எது நம்முடையதாக இருக்கும் என்று யோசிப்பேன். உன் கையெழுத்து இல்லாமல் எதுவும் நம்முடையது இல்லை என்பது எனக்குத் தெரியும். யோசிப்பதையும் எழுதச் சொன்னாய் அல்லவா, அதனால் எழுதினேன்.

இப்படிக்கு,
வாயாடியின் அப்பா


நவம்பர் 3

வாயாடியின் அம்மாவுக்கு,

மறைக்க நினைப்பது முதல் வரியில் வர வேண்டும். வைத்துக்கொள்: பதினோரு சமையல் மேடைகளைத் தப்பாகக் கட்டிவிட்டேன்.

காலையில் பிளம்பர் வந்து, "மேஸ்திரி, சிங்க் குழாய் எல்லாம் மேடைக்கு மேல எட்டிப் பாக்குது, நான்தான் ஒசரமா வச்சிட்டேன் போல" என்றான். போய் டேப் வைத்து அளந்தேன். அவன் குழாய் சரியாக இருக்கிறது. என் மேடை மூன்று அங்குலம் தாழ்வு. அடுத்த வீடு மூன்று அங்குலம். அதற்கடுத்ததும். கீழே எட்டு, மேலே மூன்று, பதினொன்றும் ஒரே அளவு, நூல் பிடித்த மாதிரி. தப்பைக் கூட ஒழுங்காகச் செய்திருக்கிறேன்.

குச்சியை எடுத்துப் பார்த்தேன். ஒரு முனையில் ஆணியால் கீறின கோடு இருந்தது. உனக்கு நினைவிருக்கிறதா? கல்யாணமான புதிதில், அந்த வாடகை வீட்டில் அடுப்படி மேடை உயரம் என்று நீ முணுமுணுத்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னைச் சுவரோரம் நிற்க வைத்து, முழங்கைக்கு நாலு விரல் கீழே அளந்து குச்சி வெட்டி, மேடையை இடித்துக் கட்டினேன். பத்து வருஷமாக அது பெட்டியில் கிடக்கிறது. இங்கே வந்து புதிதாக வெட்டின குச்சியும் அதே பெட்டியில்தான் கிடந்தது. கை தானாகப் பழையதை எடுத்திருக்கிறது. புதிய குச்சியைத் தேடினால், கண்டக்டர் அதில் சுண்ணாம்பு கலக்கிக்கொண்டிருக்கிறார்.

எப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று என்று கேட்பாய். நான் ஒவ்வொரு மேடை முன்னாலும் நின்று பார்த்தேன் என்று எழுதினேனே. அங்கே நின்றது நான் இல்லை, நீ. உனக்குச் சரியாக இருந்தது, அதனால் எனக்கும் சரியாக இருந்தது.

பிளம்பர் நல்ல பையன். "குழாயை அறுத்து இறக்கிடறேன், பலகை வச்சு மூடிட்டா எவனுக்குத் தெரியப் போகுது" என்றான். அவன் சொன்னபோது ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. நிஜம். நோட்டீஸைப் பெட்டிக்குள் போட்டு மூடினபோது வந்ததும் இதே நிம்மதிதான். அதனால் பயந்துபோய், சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இதை முடித்ததும் இன்ஜினியர் அம்மாவிடம் போகிறேன். பட்டியலிலிருந்து என் பெயரை அடித்தாலும் அடிப்பார்கள். உன்னிடம் கையெழுத்துக் கேட்கவே எனக்கு இனி முகம் இல்லாமல் போகலாம்.

சாயங்காலம்: சொல்லிவிட்டேன். அவர் நேராக உள்ளே போனார். பதினோரு மேடையிலும் சாக்பீஸால் பெரிய வட்டம் போட்டுவிட்டுப் போய்விட்டார். வேலை நின்றிருக்கிறது. வருகிற பதினேழாம் தேதி சங்கம் கூடி என்னைப் பற்றி முடிவு செய்யும். மழை வலுப்பதற்குள் குடிபோக நினைத்தவர்கள் என்னோடு பேசுவதில்லை. அவர்கள் மேல் தப்பில்லை.

இப்படிக்கு,
வாயாடியின் அப்பா


நவம்பர் 9

வாயாடியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சலவைக்கூடத்தில் வைத்துப் படித்தேன். முதலில் சிரித்தேன். அப்புறம் அழுதேன். கூட வேலை செய்கிறவள், நான் போர்வை தேய்க்கும் சூட்டு உருளையில் கையைச் சுட்டுக்கொண்டேன் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். என் வீட்டுக்காரர் பதினோரு வீட்டை என் உயரத்துக்குக் கட்டிவிட்டார் என்று சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப அந்த வீட்டுக்காரங்க பாவம்" என்றாள்.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டாயிற்று. ஆஸ்பத்திரிப் பேனா, கொஞ்சம் மை கசிந்திருக்கிறது. கூட்டத்துக்கு முன்னால் கண்டக்டரிடம் கொடுத்துவிடுங்கள். அடிப்பதென்றால் இரண்டு பெயரையும் சேர்த்து அடிக்கட்டும். தப்பு நடந்தது என் அளவில், எனக்கும் அதில் பங்கு உண்டு.

இவ்வளவு பெரிய தப்பைச் செய்துவிட்டு இப்போதுதான் எனக்கு உங்கள்மேல் நம்பிக்கை வந்திருக்கிறது என்றால் சிரிப்பீர்கள். பிளம்பர் சொன்னபோது நிம்மதியாக இருந்தது என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் கையெழுத்து.

இனி என் முதல் வரியை எழுதுகிறேன். ஐந்து மாதம் தள்ளிப்போட்டுவிட்டேன்.

அந்த நோட்டீஸ்களை நான் பார்த்தேன். தெருவுக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே. ஆணி அடிக்கச் சுத்தியல் தேடிப் பெட்டியைத் திறந்தேன், கரணைக்கு அடியில் கிடந்தன. படித்தேன். திரும்ப வைத்துவிட்டேன். நீங்களாகச் சொல்வீர்கள் என்று ஒவ்வொரு நாளும் சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து காத்திருந்தேன். நீங்கள் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க இருக்க எனக்குக் கோபம் ஏறியது, எத்தனை நாள் நடிக்கிறார் பார்ப்போம் என்று வீம்பு வந்தது. ஒரு மாதம் கையில் இருந்தது. இரண்டு பேருமாக அலைந்திருந்தால் ஒரு அறையாவது கிடைத்திருக்கும். வாயாடி தெருவில் கட்டிலில் உட்கார்ந்ததற்கு நீங்கள் பாதி, நான் பாதி. முழுவதையும் உங்கள் தலையில் கட்டிவிட்டு, எழுது எழுது என்று உங்களை வாட்டினேன்.

திட்ட வேண்டுமென்றால் திட்டி எழுதுங்கள். கையெழுத்தை மட்டும் திருப்பி வாங்க மாட்டேன்.

இப்படிக்கு,
வாயாடியின் அம்மா


நவம்பர் 18

வாயாடியின் அம்மாவுக்கு,

நேற்றுக் கூட்டம் நடந்தது. வரிசையாகச் சொல்கிறேன், குறுக்கே பேசாதே.

கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தார். நான் எழுந்து குச்சியைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். யாருடைய அளவு என்றும் சொன்னேன். பின்னால் சிலர் சிரித்தார்கள். மூட்டை தூக்குகிற ஒருவர் மட்டும் எழுந்து, "உன் பொண்டாட்டி ஒசரத்துக்கு நாங்க மழையில நனையணுமா?" என்று கேட்டார். அவருக்கு மூன்று குழந்தைகள்.

இன்ஜினியர் அம்மா எழுந்தார். இடிக்கச் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர், சமைக்கப் போகிறவர்கள் எல்லோரும் உள்ளே போய் மேடை முன்னால் நின்று பாருங்கள் என்றார். வரைபடத்து உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினார். எல்லோரும் கும்பலாக உள்ளே போனார்கள். எங்களோடு சக்கர நாற்காலியில் ஒரு அம்மா இருக்கிறார், சட்டைக்குப் பட்டன் தைப்பவர். அவர் மேடைவரை உருட்டிக்கொண்டு போய், பிளம்பர் வைத்திருந்த சிங்குக்குள் கையை விட்டுப் பார்த்தார். மறுபடியும் விட்டுப் பார்த்தார். "சிங்க்கோட அடியை இன்னிக்குத்தான் தொடறேன்" என்றார். இன்ஜினியர் அம்மா பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார்.

அதன்பிறகு ஆளுக்கு ஆள் நின்று பார்த்துச் சொன்னார்கள். பதினோரு மேடையில் ஆறு அப்படியே இருக்கட்டும் என்றார்கள். வரைபடத்தின் உயரம் பாதிப் பேருக்கு ஒத்து வரவே இல்லை, இதுவரை யாரும் அவர்களைக் கேட்டதில்லை, அவ்வளவுதான். மிச்சம் உயர்த்த வேண்டியதும் பெரிய வேலை இல்லை. மூன்று அங்குலம் என்பது ஒரு செங்கல் வரிசை. மேலே உள்ள கல்லைத் தூக்கி, ஒரு வரிசை வைத்து, மறுபடி கல்லை இறக்கினால் முடிந்தது. பயத்தில் இதைக்கூட நான் யோசிக்கவில்லை.

கண்டக்டர் நம் படிவத்தைத் தூக்கிக் காட்டினார். "ரெண்டு டிக்கெட், ஒரு அரை டிக்கெட். ஏத்தலாமா, இறக்கி விடலாமா?" என்று கேட்டார். கைகள் எழுந்தன. நான் எண்ணவில்லை, தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். மூட்டை தூக்குகிறவர் கையைத் தூக்கவில்லையாம். இறக்கிவிடச் சொல்லவும் இல்லையாம். அதன்பிறகு கண்டக்டர் என்னைப் பார்த்து, "உங்க வீட்டுக்கு எந்த ஒசரம்?" என்றார். குச்சியைத் தூக்கிக் காட்டினேன். ஏழு தாழ்வு, நாலு உயரம். இரண்டு விசில்.

இன்னும் கட்டாத ஐந்துக்கு இன்ஜினியர் அம்மா புது உத்தரவு போட்டிருக்கிறார். முதலில் சமைக்கிறவரைக் கூப்பிட்டு நிற்க வை, அளந்து குச்சி வெட்டு, குச்சியில் வீட்டு எண்ணை எழுது, அப்புறம் கட்டு. இனி நகராட்சி கட்டுகிற எல்லா வீட்டுக்கும் இப்படியே செய்ய எழுதிப் போடுகிறாராம். இன்று காலை முதல் ஆளாக மூட்டை தூக்குகிறவர் மனைவியோடு வந்து நின்றார். அளந்து முடித்ததும், "நானும்தான் சமைப்பேன்" என்று அவரும் சுவரோரம் நின்றார். இருவருக்கும் நடுவில் ஒரு அளவு பிடித்தேன்.

இன்னொரு செய்தி. மருந்துக்கடைக்காரர் வந்து ஒரு விண்ணப்பம் கேட்டார். அவருடைய கடையில் வேலை பார்க்கும் பெண் அம்மாவோடு கடையின் கிடங்கில் படுக்கிறாளாம். கண்டக்டர் படிவத்தைக் கொடுத்து, மனுவில் கையெழுத்து வாங்கின பேனாவாலேயே நிரப்பச் சொன்னார்.

இப்போது உன் முதல் வரிக்கு வருகிறேன்.

எனக்குத் தெரியும். அப்போதே தெரியும். நான் அந்தக் காகிதங்களைக் கசக்கிச் சுருட்டிப் போட்டிருந்தேன். ஒரு நாள் பெட்டியைத் திறந்தால் மூன்றும் நான்காக மடித்து, விளிம்போடு விளிம்பு சேர்ந்து இருந்தன. இந்த ஊரில் அப்படி மடிக்கிற கை ஒன்றுதான். படித்துவிட்டாள், ஆனால் கேட்கவில்லை, நானே சரி செய்துவிடுவேன் என்று நம்புகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்த நம்பிக்கையைக் கெடுக்கப் பயந்து இன்னும் இறுக்கி மூடினேன். நீ வீம்பில் இருந்தாய், நான் அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன். ஒரே அறையில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரே காகிதத்தை மறைத்திருக்கிறோம்.

இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதினால் பழியைப் பங்கு போடுகிறேன் என்று நினைப்பாயோ என்று விட்டுவிட்டேன். எல்லாம் எழுதினேன், இது ஒன்றைத் தவிர. இதோ, பெட்டி காலி.

வீடு எண் ஏழு. மேல்வரிசையில்லை, கீழேதான். ஜன்னலுக்கு வெளியே பழைய பஸ் நின்ற கோடு இன்னும் தெரிகிறது.

இப்படிக்கு,
வாயாடியின் அப்பா


ஜனவரி 22

ஏழாம் எண் வீட்டுக்காரருக்கு,

ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று அண்ணன் உங்களிடம் போனில் சொல்லிவிட்டார். இந்தக் கடிதத்தைச் சனிக்கிழமைதான் தபாலில் போடப்போகிறேன். திங்கட்கிழமை உங்கள் கைக்கு வரும்போது நான் உள்ளே அடுப்படியில் இருப்பேன். வாசலில் நின்றே படித்துவிட்டு உள்ளே வாருங்கள்.

உறையில் முகவரி எழுதியிருப்பது வாயாடி. மூன்று உறையை வீணாக்கி, நாலாவதில் கோடு போட்டு எழுதினாள். நம் வீட்டு எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு. பள்ளிக்கூடத்திலும் புது முகவரியைக் கொடுத்துவிட்டாள். டீச்சர் 'தற்போது' இல்லையா என்று கேட்டாராம். "இனிமே தேவையில்ல டீச்சர்" என்றாளாம். வகுப்பில் எல்லோரையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறாள். முப்பத்தாறு பேர், தயாராக இருங்கள்.

மூன்று அட்டைப்பெட்டியையும் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாயிற்று. அண்ணி காலையிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே எனக்கு என்னென்னவோ எடுத்து வைக்கிறார். நான் நின்று சமைத்த பலகையையும் துணியில் சுற்றி வைத்தார். வேண்டாம் அண்ணி, அங்கே தேவைப்படாது என்றேன். மேடை சரியாக இருக்கும் என்று பார்க்காமலே எப்படித் தெரியும் என்று கேட்டார். பதினோரு வீட்டிலும் அளந்து பார்த்தாயிற்று அண்ணி என்றேன். ஃபேனைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, முழுக் கதையையும் கேட்டார். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. இப்படிச் சிரிக்கிறவரோடு எட்டு மாதம் சரியாகப் பேசாமல் இருந்துவிட்டேனே என்று வருத்தமாக இருந்தது.

உங்கள் கடைசிக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். மடிப்பு கிழிந்துவிட்டது. உங்களுக்குத் தெரிந்திருந்தும் ஐந்து மாதம் என் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, ஒரு தடவைகூட 'நீயும்தானே' என்று கேட்கவில்லை. அதற்கு எனக்குப் பதில் எழுதத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்கும்போதும் சொல்லத் தெரியாது. புரிந்துகொள்ளுங்கள்.

நான் எழுதும் கடைசிக் கடிதம் இது. நீங்களும் இனி எழுதக் கூடாது. நோட்டீஸ் வந்தாலும், சுவரில் விரிசல் விழுந்தாலும், பதினோரு வீட்டைத் தலைகீழாகக் கட்டினாலும், நேராக அடுப்படிக்கு வந்து வாயைத் திறந்து சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தால் நானும் கேட்டுவிடுவேன், வீம்பு பிடிக்க மாட்டேன். நம் மேடைமேல் இரண்டு கையையும் ஊன்றி நின்று கேட்கிறேன்.

அந்தக் குச்சியை வேறு எதற்கும் எடுத்துப் போய்விடாதீர்கள். கண்டக்டர் கையில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது எனக்கு வேண்டும்.

வாசலில் நின்றது போதும், உள்ளே வாருங்கள்.

இப்படிக்கு,
குள்ளி